உரிமைக்கும் சலுகைக்கும் நடுவே

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கமிட்டியார் ஓர் அலுவலகத்திற்கு ஆங்கிலத்தில் மனு ஒன்று அனுப்ப வேண்டியிருந்தது. எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மதரஸாவில் அரபும், பின்னர் முறையாகத் தமிழும் பயின்ற எனக்கு ஆங்கிலம் அகராதியின் துணையோடு நடக்கும் மொழி. கமிட்டியார் தமிழில் "எங்களுக்குரிய உரிமை" என்று எழுதியிருந்ததை, கேட்பவன் தாழ்ந்து கேட்பதே அதபு என்று கருதி, 'கன்ஸெஷன்' என்னும் சொல்லால் பெயர்த்துவிட்டேன். ஒரு மாதத்தில் மறுமொழி வந்தது. கோரிய சலுகையை வழங்க இயலவில்லை என்று ஒரே வரி.

என்னிடம் ஓதி, பிறகு சட்டம் படித்த இளைஞர் ஒருவரிடம் அந்த மறுமொழியைக் காட்டினேன். அவர் மனுவின் நகலை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஹஜ்ரத், நீங்கள் சலுகை கேட்டீர்கள், அவர்கள் சலுகை இல்லை என்றார்கள். சலுகை கொடுப்பதும் மறுப்பதும் கொடுப்பவர் இஷ்டம். 'ரைட்' என்று எழுதியிருந்தால், மறுப்பதற்கு அவர்கள் சட்டத்திலிருந்து ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கும்" என்றார். மனுவைத் திருத்தி மீண்டும் அனுப்பினோம். இம்முறை மறுமொழி வர நெடுநாளாயிற்று. ஆனால் வந்த மறுமொழியில் காரணம் இருந்தது. காரணம் இருந்ததனால் அதற்கு எதிர்வாதமும் எழுத முடிந்தது.

ஒரு சொல்லால் நேர்ந்த இப்பிழை என்னுடையது. அன்று முதல், அரசியல் சட்டத்தில் வழங்கும் ஆங்கிலச் சொற்களை, ஒரு செய்யுளின் சொற்களைப் பதம் பிரித்துப் பொருள் காண்பது போல் கண்டு வருகிறேன். மாணவர்க்கென்று கடைகளில் விற்கப்படும் ஆங்கில-தமிழ்ச் சொற்பட்டியல்களையும் அந்த நோக்கோடு புரட்டிப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றிய என் கருத்தை வாசக அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பட்டியல்களின் பெருங்குறை, ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை நிறுத்திவிட்டு ஓய்ந்து போவதுதான். 'ரைட்' என்றால் உரிமை; 'லிபர்ட்டி' என்றால் சுதந்திரம்; 'ஃப்ரீடம்' என்றாலும் சுதந்திரம்; 'பெர்ஸன்' என்றால் சில ஏடுகளில் நபர், சில ஏடுகளில் குடிமகன். பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் அச்சொல் யாரைக் காக்கிறது, யாரைக் கட்டுப்படுத்துகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. அரபு இலக்கணத்தில் 'ஸர்ஃபு' மட்டும் படித்து 'நஹ்வு' படியாதவன் நிலைதான் இது. அவனுக்குச் சொல் தெரியும். வாக்கியத்தில் அது செய்யும் வேலை தெரியாது.

முதலில் 'ரைட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது நேரானது, சரியானது, வலப்புறம், ஒருவனுக்கு உரித்தானது என்று பல பொருள் தரும். அரபியில் 'ஹக்கு' என்பதும் உண்மை, உறுதியானது, ஒருவனுக்குச் சேர வேண்டியது என்று விரியும். தமிழில் உரிமை என்பது 'உரி' என்னும் அடியில் பிறந்தது. உரிய பொருள், உரியவன் என்பன அதன் உறவுகள். மூன்று மொழிகளிலும் ஒரு கருத்து பொதுவாக நிற்கிறது: உரிமை என்பது வேண்டிப் பெறுவதன்று, முன்பே தனக்குச் சேர்ந்திருப்பது. இந்த வகையில் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லுக்குச் சற்றும் இளைத்ததன்று என்பேன்.

ஆயினும் ஃபிக்ஹு நூல்களில் ஹக்கு பற்றிப் பேசும்போது இரண்டு உருபுகள் உடன் வரும். ஹக்கு எவனுக்கு உரியதோ அவனுக்கு 'லஹு'. எவன்மீது கடமையாகிறதோ அவனுக்கு 'அலைஹி'. கடன் கொடுத்தவனுக்கு லஹு, வாங்கியவனுக்கு அலைஹி. இந்த இரண்டாம் உருபைத்தான் நம் சொற்பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. இந்திய அரசியல் சட்டத்தின் மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகளைக் கூறத் தொடங்கும்போது, முதல் வேலையாக 12ஆம் பிரிவில் 'ஸ்டேட்' என்றால் யார் என்று வரையறுக்கிறது. மத்திய அரசு, பாராளுமன்றம், மாநில அரசுகள், சட்டமன்றங்கள், உள்ளாட்சி மன்றங்கள், பிற அதிகார அமைப்புகள் யாவும் அதில் அடங்கும். உரிமையைச் சொல்லுமுன் அது யார்மீது கடமை என்பதைச் சொல்லிவிட்ட அமைப்பு அது. நான் அன்று மனு எழுதியபோது மறந்தது இந்த 'அலைஹி'யைத்தான்.

அடுத்து 'லிபர்ட்டி', 'ஃப்ரீடம்' என்னும் இரட்டையர். ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இரு சொற்கள் இருப்பதற்கு அந்நாட்டு வரலாறு காரணம். ஃப்ரீடம் அவர்களது பழைய ஜெர்மானியச் சொல். லிபர்ட்டி, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். தமிழில் விடுதலை நம் சொல்லாகவும், சுதந்திரம் வடசொல்லாகவும் அருகருகே இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். நம் அரசியல் சட்டத்தின் முகவுரை எண்ணம், வெளியீடு, நம்பிக்கை, வழிபாடு ஆகியவற்றில் லிபர்ட்டி என்கிறது. 19ஆம் பிரிவு பேச்சு முதலியவற்றைக் கூறும்போது ஃப்ரீடம் என்கிறது. 21ஆம் பிரிவோ 'பெர்ஸனல் லிபர்ட்டி' என்கிறது. மூன்றையும் 'சுதந்திரம்' என்ற ஒரே உறையில் போட்டு மூடினால், நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15உம், ஒரு மனிதன் காரணமின்றிச் சிறையில் அடைக்கப்படாதிருப்பதும் ஒன்றென மயங்க நேரிடும். லிபர்ட்டிக்குத் 'தன்னுரிமை' என்று எழுதுவோர் உண்டு. செவிக்குப் புதிதாயினும் அச்சொல்லை நான் வரவேற்கிறேன். ஆட்சியின் விடுதலைக்கும் ஆளின் விடுதலைக்கும் நடுவே அது ஒரு கோடு கிழிக்கிறது.

இத்தகைய மயக்கம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அல்அஸ்ஹரில் கற்ற ரிஃபாஆ அத்தஹ்தாவீ அவர்கள் 1826இல் எகிப்திய மாணவர் குழுவுக்கு இமாமாகப் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பிரெஞ்சு மொழி கற்று, அந்நாட்டின் அரசியல் சாசனத்தை அரபியில் பெயர்த்து, 1834இல் வெளியான தம் பயண நூலில் சேர்த்தார். பிரெஞ்சுக்காரரின் லிபர்ட்டிக்கு அவர் முன் இருந்த சொல் 'ஹுர்ரிய்யத்'. ஆனால் அன்றைய அரபியில் ஹுர்ரு என்றால் பெரும்பாலும் அடிமையல்லாதவன் என்பதே பொருள். அவர் என்ன செய்தார்? அச்சொல்லைக் கையாண்டதோடு நில்லாமல், பிரெஞ்சுக்காரர் இச்சொல்லால் குறிப்பது நாம் அத்லு என்றும் இன்ஸாஃபு என்றும் கூறும் நீதியையும் நேர்மையையுமே என்று விளக்கம் எழுதினார். ஆட்சியாளன் ஒருவனுக்கு ஒரு நீதி, மற்றொருவனுக்கு வேறு நீதி என்று நடவாமல், சட்டமே அனைவர்மீதும் ஆள்வதுதான் அதன் கருத்து என்று தம் மக்களுக்கு உணர்த்தினார். சொல்லுக்குச் சொல் வைப்பது முதல் படி. தம் மக்கள் அறிந்த பொருளோடு அதனைக் கட்டித் தருவது அடுத்த படி. ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன் ஒரு மதரஸா ஆலிம் செய்த அந்த இரண்டாம் வேலையை இன்றைய சொற்பட்டியல்கள் செய்யவில்லை.

இனி 'பெர்ஸன்', 'ஸிட்டிஸன்' என்னும் இரு சொற்கள். 19ஆம் பிரிவின் பேச்சு, கூட்டம், சங்கம் முதலிய உரிமைகள் ஸிட்டிஸனுக்கு, அதாவது குடிமக்களுக்கு. 14ஆம் பிரிவின் சட்டச் சமத்துவமும், 21ஆம் பிரிவின் உயிர்ப் பாதுகாப்பும், 25ஆம் பிரிவின் மனச்சான்று உரிமையும் பெர்ஸனுக்கு, அதாவது ஆள் எவர்க்கும். குடிமகன் என்பதற்குச் சான்று காட்ட இயலாத ஏழையும், அகதியாய் வந்தவனும், பிற நாட்டுப் பயணியும் இதில் அடங்குவர். பெர்ஸன் என்பதைக் குடிமகன் என்று எழுதும் பட்டியல், ஒரே சொல்லால் இத்தனை பேரையும் சட்டத்தின் நிழலிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. இது வெறும் அச்சுப்பிழை போன்ற குற்றமன்று.

25ஆம் பிரிவில் மூன்று வினைச்சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன: 'ப்ரொஃபெஸ்', 'ப்ராக்டிஸ்', 'ப்ராபகேட்'. மதரஸா மாணவர்க்கு இவற்றை விளக்குவது எளிது. முதலாவது நாவால் வெளிப்படச் சொல்லும் இக்ரார். இரண்டாவது அமல். மூன்றாவது தப்லீக். மூன்றாம் சொல் பற்றி அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பர் 6 அன்று விவாதம் எழுந்தது. அதனை நீக்க வேண்டும் என்றோரும் உண்டு. சபை அதனை நிலைநிறுத்தியது. 1977 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், இச்சொல் ஒருவர் தம் மதக் கொள்கைகளை எடுத்துரைத்துப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரைத் தம் மதத்திற்கு மாற்றும் உரிமையைத் தரவில்லை என்று கூறிற்று. இத்தீர்ப்பை ஏற்போரும் மறுப்போரும் சட்ட அறிஞரிடையே உண்டு. நான் சொல்லவருவது மொழி பற்றியது. தப்லீக் என்பதை நம் பெரியோர் 'எத்திவைத்தல்' என்று தமிழாக்கினர். செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு எத்திவைப்பவன் வேலை முடிகிறது. ஏற்பது கேட்பவனுடைய மனத்தின் பாற்பட்டது. 'பரப்புதல்', 'பிரசாரம்' என்று பட்டியல்கள் தரும் சொற்களை விட நம் வீடுகளில் வழங்கும் இப்பழஞ்சொல் அந்த எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. இப்பிரிவு 'பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றிற்கு உட்பட்டு' என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது என்பதையும் மறத்தலாகாது.

அடுத்து, நம் சமுதாயத்தாரை நேரே தொடும் ஒரு சிறு சொல்: 'அண்ட்'. 30ஆம் பிரிவு, மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராக உள்ளோர்க்குத் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை 'எஸ்டாப்ளிஷ் அண்ட் அட்மினிஸ்டர்', அதாவது நிறுவவும் நிர்வகிக்கவும், உரிமை உண்டு என்கிறது. இந்த 'உம்' இரண்டையும் இணைக்கிறதா, தனித்தனியே நிறுத்துகிறதா? 1967இல் அஜீஸ் பாஷா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றது. நிறுவியவர்க்கே நிர்வாக உரிமை; அலிகர் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது; ஆதலின் அதனை முஸ்லிம்கள் நிறுவினர் என்று கொள்ள இயலாது என்பது அத்தீர்ப்பு. 2024 நவம்பர் 8 அன்று ஏழு நீதிபதிகள் அமர்ந்த அமர்வு, நால்வர்க்கு மூவர் என்ற கணக்கில், சட்டத்தின் வழியே உருப்பெற்றது என்ற ஒன்றினாலேயே ஒரு நிறுவனம் சிறுபான்மைத் தன்மையை இழந்துவிடாது என்று கூறி, பழைய கருத்தை நீக்கியது. எண்ணம் யாருடையது, பொருள் திரட்டியவர் யார் என்பன போன்றவற்றை ஆராய வேண்டும் என்றது. அலிகரைப் பற்றிய முடிவைச் சிறிய அமர்வுக்கு விட்டது.

வாவுல் அத்ஃபு படித்த மாணவர்க்கு இவ்வழக்கு புதிதாகத் தோன்றாது. உளூவின் உறுப்புகளைக் கூறும் ஆயத்தில் 'வாவ்' என்னும் இணைப்பு இடையிடையே வருகிறது. அந்த வரிசைப்படியே கழுவுவது ஷாஃபி மத்ஹபில் ஃபர்ளு. ஹனஃபி மத்ஹபில் சுன்னத்து. வாவ் என்பது சேர்ப்பதை மட்டுமே உணர்த்தும், வரிசையை உணர்த்தாது என்பது ஹனஃபிகள் காட்டும் காரணம். ஓர் இணைப்பிடைச் சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை நூற்றாண்டுகளாக விவாதித்த ஒரு சமுதாயம், தன் கல்விக்கூடங்களைக் காக்கும் 'அண்ட்' என்னும் சொல்லை அறியாதிருப்பது முறையாகுமா?

இறுதியாக ஒரு சொற்றொடர். அதில் மனித உயிரே அடங்கியிருக்கிறது. 21ஆம் பிரிவின் தொடக்க வடிவில், சட்டத்தின் 'ட்யூ ப்ராஸஸ்' இன்றி எவருடைய உயிரையோ உரிமையையோ பறித்தலாகாது என்ற அமெரிக்கச் சொல்லாட்சி இருந்தது. வரைவுக் குழு அதனை நீக்கி, 1946ஆம் ஆண்டு ஜப்பானியச் சாசனத்தைப் பின்பற்றி, சட்டத்தால் 'எஸ்டாப்ளிஷ்' செய்யப்பட்ட 'ப்ரொஸீஜர்', அதாவது சட்டம் வகுத்த நடைமுறை, என்று மாற்றியது. வேற்றுமை நுட்பமானது. முன்னது, நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்க இடம் தருகிறது. பின்னது, நடைமுறை என்று ஒன்று சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் போதும் என்று படிக்கவும் இடம் தருகிறது. 1948 டிசம்பரில் காஜி சையத் கரீமுத்தீன் அவர்கள் பழைய சொல்லையே மீட்க வேண்டும் என்று சபையில் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் இரு பக்கத்து நியாயங்களையும் எடுத்துரைத்து முடிவைச் சபைக்கே விட்டார். டிசம்பர் 13 அன்று திருத்தம் தோற்றது.

அந்தத் தோல்வியின் பொருள் விரைவிலேயே விளங்கிற்று. தடுப்புக் காவல் சட்டப்படி சென்னை மாகாணத்தில் சிறைவைக்கப்பட்டிருந்த ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950 மே 19 அன்று சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளில் பெரும்பாலோர், பாராளுமன்றம் வகுத்த நடைமுறை இருப்பதே போதும் என்றனர். நீதிபதி சையத் ஃபஸ்ல் அலி அவர்கள் மட்டும் அச்சொற்றொடரை வேறு விதமாகப் படித்தார். நடைமுறை என்றால் அதில் முன்னறிவிப்பும், தன் பக்கத்தைக் கூற வாய்ப்பும், நடுநிலையான விசாரணை மன்றமும் அடங்கும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவர் சொல்லை மாற்றவில்லை. அதே சொல்லின் வயிற்றில் நீதி உண்டென்று கண்டார். 1975 ஜூனில் அவசர நிலை வந்தபோது, 1976 ஏப்ரல் 28 அன்று, காவலில் வைக்கப்பட்டோர் தம் தன்னுரிமைக்காக நீதிமன்றத்தை நாட இயலாது என்ற தீர்ப்பும் பிறந்தது. பின்னர் 1978 ஜனவரி 25 அன்று, மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், நடைமுறை என்பது நியாயமாகவும் நேர்மையாகவும் காரண காரியத்தோடும் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. அதே ஆண்டு நிறைவேறிய 44ஆம் திருத்தம், அவசர நிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளை நிறுத்திவைக்க இயலாது என்று செய்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கருத்து 2017இல் வெளிப்படையாகவே களையப்பட்டது. 1948இல் வாக்கெடுப்பில் தோற்ற கருத்து, முப்பதாண்டுகளுக்குப் பின் பொருள்கோள் வழியாக உள்ளே வந்து அமர்ந்தது.

இதனைச் சொற்பட்டியல் எப்படிக் கூறுகிறது? 'ப்ரொஸீஜர்: நடைமுறை.' அவ்வளவே. அந்தச் சொல்லின் மேல் கிடந்து எத்தனை பேர் சிறையில் நாட்களை எண்ணினர் என்பது அங்கே இல்லை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் கூறிவிடுகிறேன். பட்டியல் எழுதுவோர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதுகின்றனர். பத்துப் பக்கத்தில் சட்டக் கல்லூரியைத் திறக்க முடியாது. மேலும், எவ்வளவு திருத்தமாகச் சொல்லைக் கற்றாலும், சொல் தானாக எவரையும் காப்பதில்லை. கோபாலன் அவர்கள் வழக்கில் சொல்லை அறிந்தவர்களே இருபக்கமும் இருந்தனர். இவ்விரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத அரைப் பக்கம் போதும்: இது யாருக்கு உரியது? யார்மீது கடமை? எந்த எல்லை வரை? லஹு, அலைஹி, ஹத்து என்று மூன்றே சொற்களில் இதை எங்கள் மதரஸா மாணவருக்குச் சொல்லிவிடுவேன். 'அரெஸ்ட்' என்ற சொல்லுக்குக் 'கைது' என்று எழுதிய கையோடு, கைதானவருக்குக் காரணம் கூறப்பட வேண்டும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலக்க உரிமை உண்டு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்வதை இரண்டு வரி சேர்த்தால் புத்தகம் பருத்துவிடாது. தடுப்புக் காவலுக்கு அதே பிரிவு விதிவிலக்குத் தருகிறது என்று மூன்றாம் வரியும் எழுதினால்தான் அந்தப் பதிவு நேர்மையானதாகும்.

நம் குடும்பங்களில் இன்று ஆங்கிலம் படியாத பிள்ளை அரிது. விண்ணப்பம் எழுதவும், வேலைக்குப் பேசவும், வெளிநாடு செல்லவும் அம்மொழியைக் கற்பிக்கிறோம். நன்று. அதோடு, வீட்டில் ஒரு மாலைப் பொழுதில் தகப்பனாரோ தாயாரோ பிள்ளையை அருகே இருத்தி, 21ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லட்டும். அது ஒரே வாக்கியம். அதில் 'ஸிட்டிஸன்' என்று இருக்கிறதா, 'பெர்ஸன்' என்று இருக்கிறதா என்று கேட்கட்டும். எங்கள் மதரஸாவில் வியாழக்கிழமை தோறும் மூத்த மாணவர்க்கு நான் இதைச் செய்து வருகிறேன். பழைய மனுவின் நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. 'கன்ஸெஷன்' என்று நான் எழுதிய இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, முதல் பாடத்தன்று மாணவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறேன்.